பில்லில் இருக்கிறது

ஆறு வருஷமாக வெல்டிங் ராடு விற்கிறேன்.
ஒன்றுகூட எரிந்து பார்த்ததில்லை.
செம்புதாஸ் தெருவில், மாடிப்படிக்குக் கீழே
என் நாற்காலி, கம்ப்யூட்டர், அரைச்சுற்றில் நிற்கும் மின்விசிறி.
6013, மூன்றேகால் எம்எம், பாக்கெட் இரண்டு.
7018, பாக்கெட் ஐந்து.
வாங்க வருகிறவர்களின் முழங்கையில்
பொட்டுப் பொட்டாகத் தழும்பு.
அவர்களின் மூன்று நாள் கூலிக்குள்
என் ஒரு வாரச் சம்பளம் அடங்கிவிடுகிறது என்று
போன தீபாவளிக்குத்தான் கணக்குப் போட்டேன்.

வடபழனியில் முதலில் விசாரித்தேன்.
கண்ணாடிக் கதவு. குளிர்ந்த அறை.
சுவரில் வெள்ளைக்காரன் ஒருவன்
முகமூடியைத் தூக்கிவிட்டுச் சிரிக்கிறான்.
மூன்று மாதம், எண்பத்தைந்தாயிரம்,
இன்றைக்கே கட்டினால் எழுபது,
சிங்கப்பூர் நிச்சயம், துபாய் உங்கள் விருப்பம்.
டீயில் சர்க்கரை சரியாக இருந்தது.
பட்டறையைப் பார்க்கலாமா என்றேன்.
"அது பூந்தமல்லில இருக்கு மேடம், இப்ப மெயின்டனன்ஸ்."
பெண்கள் கழிப்பறை பளிச்சென்று இருந்தது.
சோப்புகூட.

அரசு ஐடிஐயில் கட்டணம் ஒன்றுமில்லாத மாதிரிதான்.
ஆனால் ஒரு வருஷம், பகல் முழுக்க.
தம்பியின் ஆட்டோ கடனுக்கு
ஜாமீன் கையெழுத்து என்னுடையது.
மாதம் ஐந்தாம் தேதி யாரும்
"படிக்கிறியாம்மா, சரி" என்று சொல்லமாட்டார்கள்.

அன்றிரவு கடையைச் சாத்தும் முன்
பழைய பில்களைத் திறந்தேன்.
வடபழனிக்காரர்கள் எங்கள் வாடிக்கைதான்:
இந்த வருஷம் முழுக்க
பாக்கெட் மூன்று.
முப்பது பிள்ளைகளுக்கு மூன்று பாக்கெட்!
படத்தில் சிரிக்கிறவனே ஒரு பாக்கெட் எரித்திருப்பான்.
இன்னும் கீழே போனேன்.
அம்பத்தூர் எஸ்டேட், பெயர் பாதி அழிந்த ஒரு ட்ரெயினிங் சென்டர்,
வாரம் தவறாமல் பன்னிரண்டு பாக்கெட்.
ஏப்ரலில் ராடு காயவைக்கும் அடுப்பு ஒன்று.
பணம் மட்டும் எப்போதும் பத்து நாள் தாமதம்.

பட்டரைவாக்கத்தில் இறங்கி நடந்தேன்.
தகரக் கூரை, எட்டுத் தடுப்பு,
எரிந்து மிஞ்சிய கட்டை ராடுகள் நிரம்பி வழியும் பெயின்ட் வாளி.
கம்பியில் வரிசையாகத் தொங்குகின்றன
வளைத்துப் பார்த்து வெடித்துப்போன துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் ஒரு பெயர்.
வெடிக்காததை எங்கேயும் மாட்டவில்லை.
கோதண்டம் என்கிற ஆபீஸ் பையன் சொன்னான்:
"சாயங்காலம் ஆறுலேர்ந்து ஒன்பது. ஞாயித்துக்கிழமை ஃபுல் டே.
முப்பத்தெட்டாயிரம். மூணு தவணை.
பைப்பு நிக்கலைன்னா சர்டிபிகேட் கிடையாதுக்கா,
நிக்கிற வரைக்கும் வரலாம், அதுக்குக் காசு இல்ல."

பாத்ரூம்?
அவன் வாளியைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான்.
"இதுவரைக்கும் லேடீஸ் யாரும் வரலக்கா."

மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம்
என்று ஒரு நிமிஷம் யோசித்தது உண்மை.
பிறகு என்மேலேயே கோபம் வந்தது.
பக்கத்து டை கம்பெனியின் கேட்டைத் தட்டினேன்.
பேக்கிங்கில் இரண்டாம் ஷிப்ட், பல்கீஸ் என்று ஒரு அக்கா,
முழுசாகக் கேட்டுவிட்டு இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றினார்.
"பத்து மணி வரைக்கும் நான் இருப்பேன்.
பக்கெட்டை மட்டும் கவுத்து வச்சிட்டுப் போ."
சாவியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான்
முதல் தவணையை எண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அந்தப் பட்டறைக்குப் பில் போட்டேன்.
பாக்கெட் பதிமூன்று.
ஒன்றைக் கையில் எடுத்துக் குலுக்கினேன்,
உள்ளே சன்னமாக ஒரு சத்தம்.
"என்ன அங்க?" என்றார் முதலாளி.
"ஒண்ணுமில்லண்ணே,
எண்ணிக்கை சரியா இருக்கான்னு பாக்கறேன்."