வற்றும் பெருக்கும்

டோவில் ரயிலடியில் டாக்ஸி நிறுத்தி
ஏழு வருடம்.
கடலுக்கு வழி எது என்று எவரும் கேட்டதில்லை,
அது தானாகவே மணக்கும்.
எங்கே சாப்பிடலாம் என்றுதான் கேட்பார்கள்.

நான் முகத்தைப் பார்ப்பதில்லை.
சப்பாத்தைப் பார்ப்பேன், பிறகு மணியை.
மாலை ஆறுக்கும் காலை ஆறுக்கும் நடுவில்
ஒரே சப்பாத்தை
இரண்டு பேர் போட்டிருப்பார்கள்.

போன சனி, ஓவ்ரே என்றொருவர்.
கானில் பல் வைத்தியராம்.
"விலை பரவாயில்லை, நல்ல இடமாய்" என்றார்.
விலை பரவாயில்லை என்று சொல்கிறவரைக்
கசினோ வாசலிலேயே இறக்கிவிடலாம்.
உள்ளேயே மேசை இருக்கிறது:
கஞ்சி போட்ட விரிப்பு, மூன்று முள்ளுக்கரண்டி,
கண் திறந்தபடி வரும் சிங்கி இறால்.
பத்து யூரோ கூடத் தந்துவிட்டுப் போனார்.

அவரிடம் நான் சொல்லாதது இது:

ஆற்றைக் கடந்தால் விலை பாதி.
டூக் என்று பேர். ஆறு என்பது
கொஞ்சம் மரியாதைக்காக.
பெருக்கு என்றால் தோணி,
வற்று என்றால் நடைபாலம்.
அக்கரை துரூவிலில்
மட்டி சட்டியோடு வரும், பொரித்த கிழங்கு பக்கத்தில்.
தின்ற மட்டியின் ஓட்டையே குறடாக்கி
அடுத்ததைக் கிள்ளி எடுங்கள்.
பரிசாரகன் இரண்டாம் கூடைக் கிழங்கைக்
கேளாமலே கொண்டுவருவான்.

கறுப்புக் கோதுமையில் ஒன்று சுடுகிறார்கள்,
நாலு பக்கமும் மடித்து, நடுவில் முட்டை.
தோசை என்று சொல்லித்தான் மனைவியைக் கூட்டிப்போனேன்.
ஒரு வாய் தின்றுவிட்டு
"தோசையை ஏன் இழுக்கிறீர்கள்" என்றாள்.
முழுவதையும் தின்றாள்.

மீன் சந்தையில் இருக்கை கேட்காதீர்கள்.
நின்றபடி ஆறு சிப்பி, அரைத் தேசிக்காய்.
கடற்காகம் ஒன்று கூரையில் நின்று
உங்கள் கவனம் பிசகுவதற்குக் காத்திருக்கும்.
அதற்கும் பட்ஜெட் உண்டு: பூச்சியம்.
இந்த ஊரில் தினமும் மீன் தின்பது
அது ஒன்றுதான்.

ஒன்றுமே இல்லாதவருக்கு
பலகை நடையில் ஒரு வாங்கும்
வீட்டிலிருந்து கட்டி வந்த சாப்பாடும்.
எங்கள் ஆட்கள் பஸ் பிடித்து வந்து
புளிச்சாதப் பெட்டி திறப்பது அங்கேதான்.
சிங்கி இறாலுக்கும் அதே கடல்தான் தெரியும்.

அதிகாலை நாலு பத்து.
ஓவ்ரே கண்ணாடியில் தட்டினார்.
அதே சப்பாத்து.
"கான் வரை எவ்வளவு" என்று கேட்கவில்லை.
"எங்கே சாப்பிடலாம்" என்றார்.
கோட்டின் தையலுக்குள் தப்பியிருந்த
இரண்டு யூரோ நாணயத்தை விரித்துக் காட்டினார்,
பிடுங்கிய பல்லைக் காட்டுகிறமாதிரி.

வெதுப்பகத்தின் பின்கதவு அந்நேரம்
காற்றுக்காகத் திறந்திருக்கும்.
மரிவோன் மா படிந்த கையால்
ஒரு நீளப் பாணைக் கடதாசியில் சுற்றினாள்.
பாண் என்றுதான் நான் கேட்பேன்,
அவளும் ஏறக்குறைய அதையே சொல்வாள்,
எங்கள் இருவருக்கும் இடையில்
மொழிபெயர்க்கத் தேவையில்லாத ஒரே சரக்கு.
மிச்சம் எண்பது சதம்.

கார் முகப்பில் வைத்து உடைத்தார்.
உடைந்தது சரிபாதியாய் இல்லை.
பெரிய துண்டுக்கும் சின்னத் துண்டுக்கும் நடுவில்
கொஞ்சம் ஆவி.
"உனக்கும் பங்கு" என்றவர்
இருபது சதத்தை எடுத்துச் சுண்டினார்.
"தலை விழுந்தால் பெரியது எனக்கு."

தலை.
அந்த இரவில் அவர் வென்றது
அது ஒன்றுதான்.
கண்ணை மூடி மூக்குப் பக்கத்தைக் கடித்தார்.
மீசையெல்லாம் பொருக்கு.
ஆறு வற்றிக்கொண்டிருந்தது,
நடைபாலத்தின் முதல் படி தெரிந்தது.

பாதி தின்றபிறகு
நாணயம் மறுபடி விரலில் ஏறிவிட்டது.
"மிச்சம் முழுவதற்கும்
இன்னும் ஒரு தடவை?"

பதில் சொல்வதற்கு முன்
என் துண்டை முழுவதுமாய்
வாய்க்குள் தள்ளினேன்.