ஆம் / இல்லை

ரிச்சி தெருவில்
ஆறாயிரத்து ஐந்நூறில் தொடங்கி ஆறாயிரத்துக்குப் படிந்த லேப்டாப்.
மூடியில் முன்னவர் ஒட்டிய முருகன்,
மயிலின் பாதி மட்டும் மிச்சம்.
“விண்டோஸ் போட்டுத் தரட்டா? முந்நூறு ரூபா.
காப்பிதான், ஆனா ஜோரா ஓடும்” என்றார் ஃபக்ருதீன்.
வேண்டாம் என்றேன்.
அப்படிச் சொல்வதில்
எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது.

ராயபுரம். இரவு பதினொன்றரை.
துறைமுகத்துக்கு வரிசைகட்டிய கண்டெய்னர் லாரிகளில்
ஒன்று நகர்ந்தாலும்
மேசையில் டம்ளர் கிணுகிணுக்கும்.
பென்டிரைவைச் செருகினேன்.
மொழி கேட்டது. தமிழ்.
நேரம் கேட்டது. சென்னைக்கென்று ஒன்று கிடையாதாம்,
கொல்கத்தா என்றது, சரி என்றேன்.
பிறகு ஒரு வாக்கியம்,
யாரோ சம்பளமில்லாமல் உட்கார்ந்து தமிழாக்கியது:

உங்கள் வன்பொருளில் ஒரு பகுதி இயங்க
கட்டற்றதல்லாத நிலைபொருள் தேவை.
இப்போது ஏற்றவா?
ஆம். இல்லை.

கட்டற்றதல்லாத.
வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.
கட்டு, அற்றது, அல்லாதது.
கழித்துக் கழித்துப் போய்
மறுபடி கட்டிலேயே வந்து நிற்கிறது.

இல்லை.

எல்லாம் ஏறியது. திரை, ஒலி, விசைப்பலகை,
‘ழ’கூடச் சரியாக விழுந்தது.
வைஃபை மட்டும் ஊமை.
நகத்தளவுச் சில்லு,
பட்டியலில் பேர் சொன்னால் கை தூக்குகிறது,
வேலை சொன்னால் கோப்பு எங்கே என்கிறது.
அந்தக் கோப்புக்குள் என்னவென்று
செய்தவனுக்குத்தான் தெரியும்.
திறந்து பார்த்தால்
புளிமூட்டையாய் அடைத்த பூச்சியமும் ஒன்றும்.

மூன்று நாள் கேபிளில் வாழ்ந்தேன்.
ரவுட்டர் வாசலோரம். கேபிள் ஒன்பது அடி.
ஆக, செருப்பு ஸ்டாண்டுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே
என் கொள்கையும் நானும் கொசுவும்.
இரண்டு தரம் கால் தடுக்கியபின் டெல்ஃபின் சொன்னாள்:
“கயிறு கட்டுன மாடு மாதிரி குந்திகினு
கட்டற்றதுன்ற.”

நாலாம் இரவு
தூங்கப்போகும் முன் ரெனிட்டா
காதின் பின்னாலிருந்து கருவியைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
தினமும் வைப்பதுதான்.
ஒரு பாதி மண்டைக்குள், இரண்டரை வயதில் வைத்தது.
மறுபாதி இது, காந்தத்தில் ஒட்டிக்கொள்வது.
கடற்காற்று ஆகாது என்று
இரவெல்லாம் உலர்பெட்டியில் கிடக்கும்.
முதன்முதலில் இதை முடுக்கிய அன்று
ஆஸ்பத்திரி ஃபேன் சத்தத்துக்கு
அப்படி அழுதாள்.
நாங்களும்.

இதற்குள்ளும் ஒரு மூடிய கோப்பு ஓடுகிறது.
அதில் என்ன எழுதியிருக்கிறது என்று
அன்று நான் கேட்கவில்லை.
கையெழுத்து எங்கே என்றுதான் கேட்டேன்.

உலர்பெட்டியை மூடிவிட்டு வந்து
மூலங்களின் பட்டியலில் இரண்டு சொல் சேர்த்தேன்.
கொஞ்ச நேரம் எதுவுமில்லை.
பிறகு சில்லு கண் விழித்து
தெருவையே ஒப்பித்தது:
ஆயிஷா வீடு, மாடி போர்ஷன் 5ஜி,
கர்த்தரே துணை, தொட்டா கெட்ட.

ஜெயித்ததாகவும் தோன்றவில்லை,
தோற்றதாகவும் தோன்றவில்லை.
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
தேதி போட்டு எழுதினேன்:
இன்ன கோப்பு, இன்ன பதிப்பு, இன்ன காரணம்.
கைமாற்று வாங்கியதை எழுதி வைப்பது மாதிரி.
திருப்பித் தருகிற நாள் வந்தால்
எதைத் தருவதென்று தெரிய வேண்டுமே.

அடுத்த வரியில்
ரெனிட்டா, இடது காது என்று எழுதிவிட்டேன்.
பதிப்பு எண் தெரியவில்லை.
பேனாவை மூடவும் மனசில்லை.

வெளியே லாரி ஒன்று நகர்ந்தது.
டம்ளர் கிணுகிணுத்தது.
டெல்ஃபின் புரண்டு படுத்தாள்.
அவள் மட்டும் அசையவில்லை.