இரண்டு சென்டிமீட்டர்

நவம்பரின் கடைசி ஞாயிறு. கார் முகப்பில் மைனஸ் மூன்று.
கேத்தான் வழக்கம்போல ஐந்தரைக்கு வந்தான்,
ஹார்ன் அடிக்கவில்லை.
ஹெட்லைட்டை ஒருமுறை அணைத்துப் போட்டான், அவ்வளவுதான்.
பொந்தார்லியே தாண்டி மால்புய்சோன் வரை
ஹீட்டர் மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

பதினாறு நாளாகிறது.
பாலாடைக்கட்டி நிலவறையில் அவனுக்கு இருபத்திரண்டு வருடம்,
எனக்கு ஒன்பது.
மேற்பார்வைச் சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார்கள்.
கைகுலுக்கினான், கையுறையைக் கழற்றாமல்.
மறுநாளிலிருந்து நான் மதாம்.

கரையில் ஆளுக்கொரு பம்பு.
லாடம்போல் வளைந்த இரண்டு ரப்பர் நாற்காலிகள்
உறைந்த புல்லின்மேல் மெல்ல உப்புகின்றன.
நெஞ்சுவரை நீர்க்காப்பு உடுப்பு. காலில் வாத்துத் துடுப்பு.
இந்தக் காலோடு முன்னால் நடந்தால் விழவேண்டியதுதான்.
சந்நிதியை விட்டு விலகுகிறவர்போல
கரையைப் பார்த்தபடியே ஏரிக்குள் இறங்குகிறோம்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
முந்நூற்று இருபது யூரோ கொடுத்து
அதற்கென்றே நான் ஓர் இருக்கை வாங்கியிருக்கிறேன்.

உதைக்க உதைக்கக் கரை போகிறது.
மிதவையில் போகிறவளுக்குப் போகுமிடம் தெரியாது,
விட்டுவந்ததுதான் தெரியும்:
கார், காருக்குப் பின்னால்
நாலைந்து மஞ்சள் ஊசிகளோடு ஒரு லார்ச்.
பிறகு அதுவுமில்லை.
மூடுபனி.

தூண்டில் கோலின் வளையங்களில் பனிக்கட்டி கட்டுகிறது.
நுனியை நீரில் முக்கிக் கரைக்கிறேன். காற்றைவிட நீர் சூடு.
ரப்பர் மீனை எறிகிறேன். தரை தட்டும்வரை விடுகிறேன்.
சுற்றுகிறேன்.
மறுபடி வளையத்தில் பனி.
முழங்காலுக்குக் கீழே என் கால்கள்
வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கின்றன.

மணி எட்டு அடித்தது, எந்தப் பக்கத்துத் தேவாலயமோ.
எங்கோ அவன் இருமினான். சிகரெட் வாசனை
அவனைவிடக் கிட்டத்தில் இருந்தது.

பாசி சிக்கியதென்று நினைத்தேன்.
பாசி தலையை ஆட்டியது.

பிறகு நாற்காலி திரும்பியது, என்னைக் கேட்காமல்.
கீழே ஏதோ ஒன்று
குழந்தை பொம்மைக் காரை இழுப்பதுபோல
என்னை இழுத்துக்கொண்டு போகிறது.
இடமா வலமா, கரைக்கா நடுவுக்கா,
வெள்ளைக்குள் வெள்ளை.
ரீல் அழுகிறது. எனக்குச் சிரிப்பு வருகிறது.
வலை ஒன்றுதான் கொண்டுவருவோம்,
அது எப்போதும் அவனிடம்.

"கேத்தான்!"

கொஞ்ச நேரம் ஏரி மட்டும்.

"எங்கே, டுஷி?"
"இங்கே!"
"இங்கே என்றால் எங்கே?"
"எனக்கென்ன தெரியும், கத்துகிறேன், வா!"

நான் ஒன்று இரண்டு என்று எண்ணிக் கத்தினேன்.
முப்பத்தேழில்
பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு முதுகு.
மிதவையில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள்.
ரப்பரில் ரப்பர் மோத, டொப்.

புரோஷே. பச்சைக்குள் வெளிறிய புள்ளிகள்.
எங்கள் இருவரையும் பொருட்படுத்தாத கண்.
கொக்கியை எடுக்கக் கையுறைகளைக் கழற்றினான்,
பல்லால் கவ்வி, ஒவ்வொன்றாக.
மடியில் விரித்த அளவுப் பட்டையில் கிடத்தினான்.
ஐம்பத்தெட்டு.
வாலைக் கூட்டிப் பிடித்து இன்னொருமுறை.
ஐம்பத்தெட்டு.
அறுபதென்றால்தான் எடுக்கலாம்.

"இரண்டு சென்டிமீட்டர்," என்றான்,
நான்தான் குறைத்துவிட்டதுபோல.

நீருக்குள் வாலைப் பிடித்து வைத்திருந்தான்.
அது போனபோது
அவன் முகத்தில்தான் தண்ணீர் அடித்தது.

பிளாஸ்கில் காப்பி. மூடி ஒன்றுதான்.
என் பெருவிரலில் பல் கீறிய இரத்தம்
குளிரில் வருவதா வேண்டாமா என்று யோசித்தது.
அவனுடைய மிதவையின் வார் என் கையில்,
அலைந்துவிடாமலிருக்க.

மூடியை நீட்டியபடி,
என்னைப் பார்க்காமல், பனியைப் பார்த்து,
"மூன்றாம் வரிசையில் ஈரம் குறைகிறது.
ஓரங்களில் வெடிப்பு. கவனித்தாயா?"

கவனிக்கவில்லை, என்றேன்.