சின்னாறு, இரவு இரண்டு மணி

கூடாரத்தின் ஜிப்பைப் பாதி இழுத்தபோது
வெளியே காவலிருந்த வெள்ளியன்
கிசுகிசுத்தார்:
"இப்ப வேண்டாம் மேடம்."

கழிப்பறை முப்பது எட்டு.
நடுவில் இருட்டு
ஓரிடத்தில் மட்டும் கெட்டியாக இருந்தது.
காதை ஆட்டியது.

பகலெல்லாம் முள்காட்டில்
யானை யானை என்று நடந்து
ஒரு மலையணிலின் வாலைப் பார்த்தோம்.
பாதிப் பணமாவது திரும்பக் கிடைக்குமா என்றார்
கோவைக்காரர்.
இப்போது அவர் குறட்டை
பாம்பாற்றையும் மீறி.

கால்களைப் பின்னிக்கொண்டு
கிளை முறிவதை எண்ணினேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
பிறகு
மண்ணில் ஒரு பெருமழை, நின்று நிதானமாக.
அடக்கிக் கிடப்பவளுக்குத்தான்
அந்தச் சத்தம் புரியும்.

விடிந்ததும் பாதையில்
நான்கு உருண்டைகள்.
குச்சியால் கிளறி
வேல விதையைக் காட்டினார் வெள்ளியன்:
"அதுவும் அதுக்குத்தான் வந்திருக்கு."

கோவைக்காரர் பல் துலக்கியபடியே ஓடி வந்து
படம் எடுத்துக்கொண்டார்.