ஓரத்துப் பென்சில்

அறுநூற்று முப்பத்தைந்து புள்ளி ஒன்பது.
புக்கிட் பாஞ்சாங் நூலகத்தில்
செடிகளின் முகவரி அது.
அடித்தட்டு. முழங்காலிட்டால்தான் கைக்கு வரும்.

தமிழ் அடுக்கில் தேடிவிட்டுத்தான் வந்தேன்.
தென்னைக்கு வரும் நோய்கள் பற்றி ஒன்று,
அரை ஏக்கரில் கத்தரி போடுவது பற்றி ஒன்று.
என்னிடம் இருப்பதோ
பத்தாவது மாடியில் ஒரு சன்னல்.
அதன் வெயிலிலும் பாதி
மேல்வீட்டுத் துணிக்கம்புக்குப் போய்விடும்.

எடுத்தது ஆங்கிலப் புத்தகம்.
வழவழப்பான தாள், இலைக்கொரு படம்.
எழுதியவர் பனி பெய்யும் ஊர்க்காரர்.
"குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள்" என்கிறார்.
ஓரத்தில் யாரோ பென்சிலால்,
தமிழில்,
எப்போது?

விமான நிலையச் சரக்குக் கிடங்கின்
அதிகாலை மூன்று மணித் தேநீரில்
தனியாகச் சிரித்தேன்.

அதன்பிறகு அச்செழுத்தை விட்டுவிட்டுப்
பென்சிலைத்தான் படித்தேன்.
ழகரத்தின் வாலை
அடுத்த வரிவரை இழுத்துவிடும் கை.

"தெற்குப் பார்த்த சன்னல் உத்தமம்."
திசையை விடு.
எதிர்க் கட்டடம் எவ்வளவு கிட்டே என்று பார்.

"உறங்கும் மாதங்களில் உரம் வேண்டாம்."
இந்த ஊரில் எது உறங்குகிறது?

(என்னைக் கேட்டதாகவே எடுத்துக்கொண்டேன்.)

என் கலாத்தியாவுக்கு
இலையோரம் கருகிக்கொண்டிருந்தது.
நாற்பத்தேழாம் பக்கம் வைத்தியம் சொன்னது:
தட்டில் கூழாங்கற்கள் பரப்பி, நீர் ஊற்றி,
மேலே தொட்டியை வையுங்கள்.
இரண்டு வெள்ளிக் கடையில்
நீலக் கண்ணாடிக் கற்கள் வாங்கினேன்.
அழகாகத்தான் இருந்தது,
வியாழக்கிழமை வரை.

கொசுச் சோதனைக்கு வந்தவர்
சட்டையில் ஃபிர்தௌஸ் என்றிருந்தது.
தட்டிலிருந்து குழலில் உறிஞ்சி
டார்ச்சு வெளிச்சத்தில் காட்டினார்.
உள்ளே
காற்புள்ளிகள் நீந்திக்கொண்டிருந்தன.

புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தேன்.
பொறுமையாகப் படித்தார், படத்தையும் பார்த்தார்.
"நல்ல புத்தகம்" என்றார்.
இருநூறு வெள்ளிக்குச் சீட்டு எழுதினார்.

அவர் போனபின் பக்கத்தைத் திருப்பினேன்.
நாற்பத்தேழில் ஓரம் முழுக்கப் படம் என்பதால்
நாற்பத்தெட்டில் எழுதியிருந்தது:
தட்டு வேண்டாம். எனக்கு இருநூறு வெள்ளி போயிற்று.
குளியலறையில் வை.
நாம் குளிக்கும் ஆவியே போதும்.

ஒரு தாளின் கனம்.
அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான்,
நடுவில் நானூறு வெள்ளி.

கலாத்தியா இப்போது
ஷாம்பூ புட்டிகளுக்கு நடுவில் நிற்கிறது.
நான் வேலைக்குக் கிளம்பும்போது
இலைகளைக் கூப்பி நிமிர்த்திக்கொள்ளும்.
காலையில் திரும்பிக் கதவைத் திறந்தால்
விரித்து வைத்திருக்கும்.
எங்கள் இருவருக்கும் வேலைநேரம் ஒத்துவரவில்லை,
மற்றபடி சண்டையில்லை.

நூலகப் புத்தகத்தில் எழுதக் கூடாது.
தெரியும்.
திருப்பித் தருமுன்
எப்போது? என்பதன் கீழே எழுதினேன்:
டிசம்பர் அடைமழையில். கொஞ்சமாக.
ழகரத்தை மட்டும்
சற்றுக் கவனமாகச் சுழித்தேன்.

ஆறு மாதம் கழித்து
அதே தட்டில், அதே முழங்காலில்,
மறுபடி எடுத்துப் பார்த்தேன்.
யாரோ எல்லாவற்றையும் அழித்திருந்தார்கள்.
தையலின் மடிப்பில் ரப்பர் துகள்கள்.
டிசம்பர் இல்லை. எதிர்க் கட்டடம் இல்லை.
இந்த ஊர் உறங்கப் போயிருந்தது.

நாற்பத்தெட்டில் மட்டும்
பாதியில் நின்றிருந்தது ரப்பர்.
ஆவியே போதும்
என்ற இரண்டு சொற்கள் தப்பியிருந்தன.

அழித்தவரும் செடி வளர்ப்பவராக இருக்கலாம்.
இல்லையென்றால்
மணி ஒன்பதாகியிருக்கும்,
விளக்கை அணைக்கத் தொடங்கியிருப்பார்கள்.