பதினேழு

பக்கத்துக் கட்டில்காரரை
நான் முகம் பார்த்து அறிந்தவன் அல்ல.
ஓடு மாற்றும்போது சறுக்கி விழுந்து
இடுப்புக்கு மேலே ஓர் எலும்பு நொறுங்க
மல்லாத்திப் போட்டிருந்தார்கள் என்னை.
வார்னா நகரத்து ஆஸ்பத்திரி, நான்காம் மாடி.
எனக்கென்று இருந்தது கூரை மட்டும்,
அதில் ஒரு விரிசல்.
ஓடு வேய்கிறவனுக்குப் பொழுதுபோக அது போதும்.

அவரைக் காதால்தான் தெரியும்.
பதினேழு, என்பார்.

தாகத்துக்குப் பதினேழு.
துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால்
மெல்ல, தன் வீட்டு நாயை
அடையாளம் கண்டவர் போல,
பதினேழு.
ஊசி குத்தினால் மட்டும் வேறொரு சொல் வரும்,
பிசிறில்லாமல், முழுசாக,
இங்கே எழுத முடியாத சொல்.
வசவுக்கு மூளையில் வேறு அறையாம்.
அந்த அறை தப்பித்துவிட்டது.

தோப்ரின் என்று பெயர். பாரந்தூக்கி ஓட்டியவர.
பிப்ரவரியில் ஒரு காலை சவரம் செய்கையில்
தலைக்குள் இடப்பக்கம் ஏதோ அடைத்துக்கொண்டது.
வலக்கையும் பேச்சும் சேர்ந்தே போயின.
பாதி முகத்தில் நுரையோடு தூக்கி வந்தார்களாம்.
மீதியை மறுநாள் மனைவி மழித்தாள்.

ஏன் பதினேழு?
எல்லாரும் ஸ்தாங்காவைக் கேட்டார்கள்.
வீட்டு எண்ணா? நாற்பத்திரண்டு.
கல்யாணத் தேதியா? ஒன்பது.
பாரந்தூக்கியின் எண்ணா?
அதற்கு எண் இல்லை, பெயர்தான்: மாமியார்.
காரணம் தேடாதீர்கள் என்றார் டாக்டர்.
கதவு சாத்திக்கொண்டபோது
வாசற்படியில் நின்றிருந்த சொல், அவ்வளவுதான்.
அவள் நம்பவில்லை.
வீட்டில் பழைய ரசீதுகளையெல்லாம்
புரட்டிவிட்டு வந்தாள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பயிற்சி டாக்டர், சின்னப் பையன்,
வலிக்கிறதா என்று கேட்டான்.
தோப்ரின் தலையை இடம் வலமாக ஆட்ட
இல்லை என்று எழுதிக்கொண்டான்.
"ஐயோ, எங்கள் ஊரில் அதுதான் ஆம்!"
ஸ்தாங்கா போட்ட கூச்சலில் எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்ததற்கு முதுகு தண்டனை கொடுத்தது.

மார்ச் ஒன்றாம் தேதி
சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை
எனக்கும் ஒன்று கட்டினாள்.
முதல் நாரையையோ பூத்த மரத்தையோ
பார்க்கும்வரை கழற்றக்கூடாது.
நான் பார்ப்பதோ விரிசல்.
"உனக்கும் சேர்த்து நான் பார்க்கிறேன், வெலிச்கோ."
அவருக்கு வலக்கையிலேயே கட்டினாளாம்,
உணர்ச்சியில்லாத கையில்.
நர்ஸ் ஏன் என்று கேட்டாள்.
பதில் சொன்னதாக எனக்குக் கேட்கவில்லை.

மாலைகளில் எனக்கும் பரீட்சை உண்டு.
போர்வைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில்,
என் காலைத் தொட்டு நர்ஸ் கேட்பாள்:
"இப்போது எந்த விரல்?"
உத்தேசமாகச் சொல்வேன். பெருவிரல்?
அவள் மௌனம்.
ஒருநாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து அவசரமாக,
கிசுகிசுப்பாக:
"பதினேழு!"
பார்த்துவிட்டு எனக்கு விடை சொல்கிறார்,
வாத்தியார் திரும்பிய நேரத்தில்
பக்கத்துப் பையன் சொல்வது போல.
அன்று இரவு கொஞ்சம் அழுதேன்.
மல்லாந்து அழுதால் கண்ணீர் காதுக்குள் போகிறது.

பேச்சுப் பயிற்சிக்கு யோவானா வந்தாள்.
சேர்ந்து எண்ணலாம், என்றாள்.
ஒன்று.
அவள் குரல் மட்டும்.
இரண்டு, மூன்று.
நான்கில் இன்னொரு குரல் ஒட்டிக்கொண்டது,
கரகரவென்று, இருட்டில் மாடிப்படி ஏறுகிறவன் மாதிரி,
கால் மட்டும் அறிந்த படிகள்.
பத்தில் யோவானா நிறுத்திக்கொண்டாள்.
அவர் நிறுத்தவில்லை.
பதினான்கு. பதினைந்து.
மருந்து வண்டியின் சக்கரச் சத்தம் நின்றது.
பதினாறு.

பதினேழு, என்றார்.

அது தண்ணீர் இல்லை, கப்பல் இல்லை,
என் கால்விரல் இல்லை.
பதினாறுக்கு அடுத்து வருகிற வெறும் எண்.

பதினெட்டு, என்றார்.

இருபத்து மூன்றில் களைத்துப்போனார்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும்.
பிறகு: பதினேழு.
"தண்ணீரா? சன்னலைத் திறக்கவா?"
தலை இடம் வலமாக ஆடியிருக்க வேண்டும்,
ஏனென்றால் அவள் இரண்டையும் செய்தாள்.
முதலில் டம்ளர் சத்தம்,
பிறகு என் கட்டில்வரை
கடலின் உப்பு வாசம்.