கேள்

சமையலறைப் பரணில் ஒரு சின்னப் பெட்டி.
கட்டைவிரல் அளவு ரிசீவர், பழைய கணினிப் பலகை,
கூரைக்கு ஏறும் கறுப்புக் கம்பி ஒன்று.
நூற்று நாற்பத்து நான்கு புள்ளி எட்டில்
எவர் கீச்சிட்டாலும் எழுத்தாக்கி
இணையத்தின் பக்கம் தள்ளிவிடும்.
பதில் சொல்லாது.
சொல்ல அதற்கு வாய் இல்லை.

வாயைத் தம்பி கொண்டுபோனான்.
நான் ட்ரோம்சோ மருத்துவமனையில் கிடந்த மாதம்
அப்பாவின் படகை விற்றிருந்தான், கேட்காமல்.
வந்ததும் கத்தினேன்.
அவன் கத்தவில்லை. டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி
உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றி
வண்டியில் வைத்தான்.
ஆன்டெனாவைக் கழற்ற ஏணி வேண்டும்.
ஏணி என்னுடையது.

ஒன்பது குளிர்காலம் ஆகிறது.
ஓட்வார் இப்போது பனி வழிக்கும் லாரி ஓட்டுகிறான்
போட்ஸ்ஃபியோர்டு மலைப்பாதையில்.
நவம்பரில் போன சூரியன் ஜனவரிவரை வராத ஊரில்
இரண்டு நிமிடத்துக்கு ஒரு கீச்சு:
அட்சரேகை, தீர்க்கரேகை,
வேகம் முப்பத்தொன்று, திசை வடகிழக்கு.
கடைசியில் குறிப்பு எழுத விட்ட இடம்.
அதை அவன் காலியாகவே விடுவான்.

வரியின் தொடக்கத்தில் அவன் அழைப்புக்குறி,
முடிவில் என்னுடையது.
இன்னார் அனுப்பியது, இன்னார் கேட்டது.
மகளின் திடப்படுத்தல் விருந்துக்கு
அவன் எழுதிய பட்டியலில் இல்லாத நான்
நாளுக்கு முந்நூறு முறை
அவனோடு ஒரே வரியில்.
சேர்த்து வைத்தது நானல்ல, பெட்டி.

டிசம்பர் நடுவில்
வரிகளின் முடிவில் வேறொரு குறி வரத் தொடங்கியது.
எல்லைக்கு அப்பால், நூர்காமில், இல்மாரி என்றொருவர்.
உயரமான கம்பம் வைத்திருக்கிறார். நல்ல மனிதராம்.
ஒரே செய்தி இரண்டு வாசல்களில் நுழைந்தால்
முதலில் வந்தது கணக்கு, மற்றது குப்பை.
நானோ பிந்தக்கூட இல்லை,
பாதி நேரம் எனக்குக் கேட்கவே இல்லை.
ஆன்டெனாவைச் சுற்றிக் கைப்பருமன் பனிக்கட்டி.

அதற்காக நான் ஏறவில்லை.
கூரைத் தகடு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்
மைனஸ் பத்தொன்பதில், இரவு பதினொரு மணிக்கு,
மாவு உருட்டும் கட்டையும் கையுமாக ஏறினேன்.
தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமாம்.
ஆடியது ஏணி.
மூன்றே தட்டு. கண்ணாடிபோல் உடைந்து
பாதி என் கழுத்துக்குள் போனது.
இறங்கி வந்து பார்த்தேன்:
வரியின் முடிவில் நான்,
நூர்காம் குப்பையில்.
பாவம் இல்மாரி. வெட்கமே இல்லாமல் சிரித்தேன்.

மறுநாள் மாலை, அந்தக் காலி இடத்தில் எழுத்துகள்:
"மான்கள். நிற்கிறேன்."
வேகம் பூஜ்யம். இருபது நிமிடம் பூஜ்யம்.
உலகமே பார்க்கும் வரைபடம் அது,
உலகத்துக்குத்தான் எழுதியிருப்பான்.
உலகம் அன்று
அடுப்பில் மீன் தீய்வதைக் கவனிக்கவில்லை.

மூன்றாம் இரவு கீழ்ச்சாலையை வழித்தபடி வந்தான்.
எட்டு கிலோமீட்டர். ஐந்து. இரண்டு.
பிறகு ஒன்றுமில்லை.
மிக நெருங்கினால் இந்த மலிவு ரிசீவர் திணறிவிடும்.
காதுக்குள் வந்து ஐம்பது வாட் கத்தினால்
எந்தக் காதுக்குத்தான் சொல் பிடிபடும்?
இல்மாரிக்கோ அங்கே மலை மறைக்கும்.
ஒன்பது குளிர்காலமாக
என் வீட்டுக்கு எதிரே மட்டும்
அவனுக்குப் புள்ளி கிடையாது.

சுவரில் மஞ்சள் வெளிச்சம் சுழன்றது:
சட்டி, அலமாரி, என் கை,
சட்டி, அலமாரி, என் கை.
வழக்கத்தைவிட நெடுநேரம்.
இன்ஜின் முன்னும் பின்னும் உறுமியது.
நான் கதவைத் திறக்கவில்லை. விளக்கை அணைக்கவும் இல்லை.

காலையில்
வாசலை அடைத்திருந்த பனிமேடு
ஒரு லாரி அகலத்துக்குக் காணாமல் போயிருந்தது.

வரைபடத்தில் அடுத்த புள்ளி
மூன்று கிலோமீட்டர் தாண்டி.
வேகம் நாற்பது.
குறிப்பு காலி.